கணனிப் புழுக்கள்: ஓட்டையை அடைக்காதவர்களும் அறிந்தும் சொல்லாதவர்களும்

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பலவற்றில் கணனித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செந்நிறமாக மாறின. கோப்புகள் யாவும் பூட்டப்பட்டுவிட்டன என்றும், திறப்பு வேண்டுமாயின் 300 டொலர் பெறுமதியான பிட்கொயினைச் செலுத்த வேண்டும் என்றும் அத்திரைகள் அறிவித்தன. நோயாளர்களின் பதிவேடுகளைப் பார்க்க வழியற்றுப்போன மருத்துவர்கள் கடதாசியையும் பேனையையும் கையிலெடுத்தனர். ஐந்து வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் அம்புலன்ஸ்களை வேறிடங்களுக்குத் திருப்பியனுப்பின. சத்திரசிகிச்சைகள் உட்பட ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் என்று பிரித்தானிய தேசிய கணக்காய்வு அலுவலகம் அதே ஆண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. தேசிய சுகாதார சேவையின் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டிருந்தன.

எவரோ ஓர் ஊழியர் கவனயீனமாக ஒரு மின்னஞ்சலைத் திறந்துவிட்டார் என்றே முதல் நாளில் பலரும் எழுதினர். அப்பாவி எழுதுவினைஞர் ஒருவர் மீது பழியைப் போடுவது எப்போதும் இலகுவானது. ஆனால் ஆய்வாளர்கள் தடயங்களைப் பின்தொடர்ந்து சென்றபோது, வனாக்ரை எனப் பெயரிடப்பட்ட அந்தப் புழு பரவுவதற்கு எந்த மின்னஞ்சலும் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. விண்டோஸ் கணனிகள் கோப்புகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வாயிலில் இருந்த ஓர் ஓட்டையைத் தேடி, அது தானாகவே கணனிக்குக் கணனி, நிறுவனத்துக்கு நிறுவனம் ஊர்ந்து சென்றது. அந்த ஓட்டையை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் மாதம் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. நோய் வருவதற்கு 59 நாட்களுக்கு முன்னரே மருந்து வந்திருந்தது.

அவ்வாறாயின் குற்றவாளி யார்? மருந்தை எடுக்கத் தவறியவரா? நோயை உருவாக்கியவரா? அல்லது நோய்க்கு வழிதரும் ஓட்டையை அறிந்திருந்தும் அதைத் தனது தேவைக்காக மறைத்து வைத்திருந்தவரா? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, கணனிப் புழுக்கள் எவ்வெவ்வாறு பயணிக்கின்றன என்பதை நாம் சற்று ஆற அமர நோக்க வேண்டியுள்ளது.

வைரஸுக்கும் புழுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வைரஸ் வேறொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அக்கோப்பை எவரேனும் இயக்கினால்தான் அதற்கு உயிர் வரும். புழு என்பது தன்னளவில் முழுமையான ஒரு நிரல். அது தன்னைத்தானே பிரதி செய்து வலையமைப்பின் வழியே அடுத்த கணனிக்குச் செல்லக்கூடியது. 1975இல் வெளிவந்த ஜோன் பிரன்னரின் ஆங்கில விஞ்ஞானப் புனைகதையொன்றில் வலையமைப்பினுள் ஊரும் நாடாப்புழு ஒன்று வருகிறது. பெயர் அங்கிருந்தே வந்தது.

இணையத்தை முதன்முதலில் திணறடித்த புழு 1988 நவம்பர் 2ஆம் திகதி விடப்பட்டது. அதை எழுதியவர் கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவரான ரொபேர்ட் மொரிஸ். அவர் தனக்குக் கிடைத்த எல்லா வழிகளையும் ஒரே புழுவில் அடக்கியிருந்தார். மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளின் ஓட்டை ஒரு வழி. பயனர் விபரம் தரும் சேவையின் ஓட்டை இன்னொரு வழி. மனிதர் தமது பெயரையே கடவுச்சொல்லாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மூன்றாவது வழி. ஒரு கணனிக்குள் நுழைந்ததும் தனது பிரதியொன்று அங்கே ஏற்கனவே இருக்கிறதா என்று புழு கேட்கும். இருக்கிறது என்று பொய்ப் பதில் கொடுத்து எவரும் அதைத் தடுத்துவிடக் கூடும் என அஞ்சிய மொரிஸ், எந்தப் பதில் வந்தாலும் ஏழில் ஒரு தடவை அங்கேயே தங்கிவிடுமாறு பணித்திருந்தார். அந்த 'ஏழில் ஒன்று' மிக அதிகம் என்பது பிரதிகள் பெருகிக் கணனிகள் மூச்சுத் திணறியபோதுதான் புரிந்தது. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணனிகளில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அமெரிக்கக் கணனி மோசடிச் சட்டத்தின் கீழ் ஜூரிகளால் குற்றவாளியாகக் காணப்பட்ட முதல் நபர் மொரிஸ். பின்னாளில் அவர் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியரானார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அதற்குப் பின்னர் வந்த புழுக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு பாதையைத் தெரிந்துகொண்டன. மனிதரின் மனத்தை வழியாகக் கொண்டது, 2000 மே மாதம் 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' புழுவாகும். காதல் கடிதம் என்ற பெயருடன் ஒரு கோப்பு மின்னஞ்சலில் இணைக்கப்பட்டு வந்தது. அக்காலத்து விண்டோஸ், கோப்பின் பெயரில் இறுதியாக வரும் வகைக்குறியை மறைத்துவிடும் இயல்புடையது. ஆகவே இயங்கும் நிரலொன்று வெறும் எழுத்துக் கோப்பைப் போலத் தோற்றமளித்தது. திறந்தவரின் முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் அது தன்னைத்தானே அனுப்பியது. முன்பின் அறியாதவரின் கடிதத்தை நாம் சந்தேகிப்போம். எமது மேலதிகாரியிடமிருந்தோ பழைய நண்பரிடமிருந்தோ வருவதைச் சந்தேகிக்க மாட்டோம். புழுவின் வலிமை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் தங்கியிருந்தது. பிரித்தானிய நாடாளுமன்றமும் தனது மின்னஞ்சல் சேவையை நிறுத்தி வைக்க நேர்ந்தது.

அதனை எழுதிய ஒனல் டி குஸ்மான் மணிலாவில் கணனிக் கல்வி கற்ற இளைஞர். இணையக் கட்டணம் செலுத்த வசதியற்றவர்களுக்கு மற்றவர்களின் கடவுச்சொற்களைப் பெற்றுக்கொடுக்கும் எண்ணத்தில் அவர் முன்வைத்த ஆய்வுத் திட்டம் கல்லூரியால் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் மீது வழக்குத் தொடர பிலிப்பைன்ஸில் அன்று சட்டம் இருக்கவில்லை. அடுத்த மாதமே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் நடந்து முடிந்த செயலுக்கு அது பொருந்தவில்லை. இலங்கையில் கணனிக் குற்றச் சட்டம் 2007ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால், மணிலாவைப் பார்த்து நகைப்பதற்கு எமக்கு அருகதை இல்லை.

மனிதரை ஏமாற்றும் புழு எவ்வளவு வேகமாகச் சென்றாலும், யாரோ ஒருவர் கடிதத்தைத் திறக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஓட்டை வழியே செல்லும் புழுவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. 2001 ஜூலை 19ஆம் திகதி 'கோட் ரெட்' எனும் புழு 14 மணித்தியாலங்களுக்குள் 359,000 கணனிகளைத் தொற்றியது. இதற்கான திருத்தம் ஒரு மாதத்துக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அன்று அதுவே வியப்புக்குரிய வேகமாகக் கருதப்பட்டது. பதினெட்டு மாதங்கள் சென்ற பின்னர் 'ஸ்லாமர்' வந்தது.

ஸ்லாமர் புழுவின் அளவு 376 பைட்கள் மாத்திரமே. இன்றைய ஒருங்குறி முறையில் தமிழ் எழுத்துக்குறியொன்றைச் சேமிக்க மூன்று பைட்கள் வேண்டும் எனும்போது, பன்னிரண்டு பதின்மூன்று சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்துக்கு மேல் அந்த இடத்தில் எழுத முடியாது. அந்தச் சிறிய இடத்துக்குள் புகுவதற்கும், பெருகுவதற்கும், அடுத்த முகவரியைத் தற்செயலாகத் தெரிவுசெய்வதற்குமான கட்டளைகள் யாவும் அடங்கியிருந்தன. சாதாரணமாக இரு கணனிகள் உரையாடும்போது ஒன்று மற்றொன்றை அழைத்து, பதில் கிடைத்த பின்னரே தகவலை அனுப்பும். ஸ்லாமர் பயன்படுத்திய முறையில் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தபாலட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எழுதுவதைப் போல, வலையமைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வேகத்தில் அது தன்னை அனுப்பிக்கொண்டே இருந்தது. 2003 ஜனவரி 25ஆம் திகதி அதன் எண்ணிக்கை ஆரம்பத்தில் 8.5 செக்கன்களுக்கு ஒரு தடவை இரட்டித்தது. பத்து நிமிடங்களுக்குள், தொற்றக்கூடியதாக இருந்த கணனிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வீதமானவை தொற்றுக்குள்ளாகிவிட்டன. குறைந்தபட்சம் 75,000 கணனிகள். பத்து நிமிடம் என்பது கடமையில் இருக்கும் பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியை எடுத்துத் தனது மேலாளரை எழுப்புவதற்கே போதாது.

இப்புழு எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எதையும் திருடவில்லை. அதன் நெரிசல் மாத்திரமே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் பெரிய வங்கியொன்றின் பணம் வழங்கும் இயந்திரங்கள் செயலிழந்தன. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. ஒஹியோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணு மின்நிலையத்தில் பாதுகாப்புத் தகவல்களைக் காட்டும் கணனி ஏறத்தாழ ஐந்து மணித்தியாலங்கள் இயங்கவில்லை. நல்வாய்ப்பாக அந்த அணு உலை அப்போது மூடப்பட்டிருந்தது. அந்நிலையத்தின் பிரதான நுழைவாயில் தடுப்பரணால் காக்கப்பட்டிருந்தது. புழு வந்ததோ ஒப்பந்தக்காரரின் வலையமைப்பிலிருந்து தடுப்பரணைத் தவிர்த்து உள்ளே சென்ற வேறோர் இணைப்பின் வழியாக. திருத்தம் ஆறு மாதங்களாகக் கைவசம் இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு விநோதத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2003 ஓகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு பரவியபோது, அதனை அழித்து ஓட்டையையும் அடைத்துவிடும் நோக்கில் எவரோ ஒருவர் 'வெல்ச்சியா' எனும் 'நல்ல' புழுவை அவிழ்த்துவிட்டார். அந்த நல்ல புழு தனது அடுத்த கணனியைத் தேடி உண்டாக்கிய நெரிசலால் எயார் கனடா விமான நிறுவனத்தின் பயணிகள் வரிசைகள் ஸ்தம்பித்தன. அமெரிக்கக் கடற்படையின் வலையமைப்பும் திணறியது. அனுமதியின்றி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சீர்செய்பவரும் கதவை உடைப்பவரும் வீட்டாருக்கு ஒரே தலையிடிதான்.

தடுப்பரண்கள் வலுப்பெற்றபோது புழுக்கள் சட்டைப் பைகளுக்கு மாறின. 2008 நவம்பரில் தோன்றிய 'கொன்பிக்கர்' வலையமைப்பு ஓட்டை, இலகுவான கடவுச்சொல், பென் ட்ரைவ் ஆகிய மூன்றையும் பயன்படுத்தியது. பென் ட்ரைவைச் செருகியதும் தானாகவே இயங்கத் தொடங்கும் வசதியை விண்டோஸ் அக்காலத்தில் வழங்கியிருந்தது. அந்த வசதியே புழுவுக்கும் வசதியாயிற்று. உலகெங்கும் பல மில்லியன் கணனிகள் தொற்றுக்குள்ளாகின. 2009 ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படையின் ரபேல் விமானங்கள் சில, பறப்புத் திட்டங்களைப் பெற முடியாமல் தரையில் நின்றன. எமது நகரங்களின் தொடர்பாடல் நிலையங்களில் பாடக்குறிப்பையோ சுயவிபரக் கோவையையோ அச்சிடுவதற்காகப் பென் ட்ரைவுடன் வரிசையில் நின்ற மாணவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. ஒரே கணனியில் நாளொன்றுக்கு நூறு பேரின் பென் ட்ரைவ்கள் செருகப்பட்ட காலத்தில், நூறு வீடுகளுக்குப் பொதுவான ஒரு கிணற்றைப் போல அக்கணனி இருந்தது.

பென் ட்ரைவின் ஆற்றலை அரசுகளும் கண்டுகொண்டன. 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டு நிறுவனமொன்று கண்டுபிடித்த 'ஸ்டக்ஸ்நெட்', இணையத்துடன் இணைக்கப்படாத ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்தை எட்டிய புழுவாகும். முன்னர் எவரும் அறிந்திராத நான்கு ஓட்டைகள் அதில் பயன்படுத்தப்பட்டிருந்தன. சுழலும் மையநீக்கிகளின் வேகத்தை இரகசியமாக மாற்றி அவற்றைப் பழுதாக்கிய வேளையில், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு எல்லாம் சீராக இருப்பதாகவே அது காட்டியது. அமெரிக்காவும் இஸ்ரேலுமே அதனை உருவாக்கின என்று பரவலாக நம்பப்படுகிறது. இரு நாடுகளும் அதை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொள்ளவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஓர் ஆலைக்காகச் செய்யப்பட்ட அந்த ஆயுதம் இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் உள்ள ஆயிரக்கணக்கான கணனிகளிலும் காணப்பட்டது. அங்கெல்லாம் அது தீங்கு செய்யவில்லை என்றால், அதை எழுதியவர்கள் குறியை அவ்வளவு நுணுக்கமாக வரையறுத்திருந்தார்கள் என்பதே காரணம். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

2017 ஜூன் 27ஆம் திகதி, உக்ரேனின் அரசியலமைப்புத் தினத்துக்கு முதல் நாள், 'நொட்பெட்யா' புறப்பட்டது. அது பின்கதவால் வரவில்லை. முன்கதவால், வரவேற்கப்பட்ட விருந்தாளியாக வந்தது. உக்ரேனில் வரிக் கணக்குகளைச் சமர்ப்பிப்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்திய கணக்கியல் மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்புச் சேவையைத் தாக்குதல்காரர்கள் கைப்பற்றியிருந்தனர். புதுப்பிப்பு வந்தபோது அதனுடன் புழுவும் வந்தது. உள்ளே நுழைந்ததும், வனாக்ரை பயன்படுத்திய அதே ஓட்டையுடன், கணனியின் நினைவகத்தில் இருந்து களவாடிய கடவுச்சொற்களையும் பயன்படுத்தி அது பரவியது. ஆகவே திருத்தம் செய்யப்பட்ட கணனிகளும் தப்பவில்லை. கப்பம் கேட்பதாகத் திரையில் காட்டினாலும், கொடுத்தவருக்கும் கோப்புகள் மீளவில்லை. அழிப்பதே அதன் நோக்கம்.

உக்ரேனில் கிளை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்களின் ஊடாக அது உலகெங்கும் சென்றது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 வழங்கிக் கணனிகளையும் 45,000 கணனிகளையும் பத்து நாட்களில் மீளமைக்க வேண்டியதாயிற்று. அதன் குழுமம் இயக்கிய துறைமுக முனையங்களில், மும்பைக்கு அண்மித்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் முனையம் உட்படப் பல முடங்கின. நிறுவனத்தின் முழு வலையமைப்பையும் அடையாளப்படுத்தும் தரவுத்தளத்தின் பிரதிகள் யாவும் அழிந்துவிட்ட நிலையில், ஒரேயொரு பிரதி மாத்திரம் ஆபிரிக்காவின் கானாவில் எஞ்சியிருந்தது. புழு வந்த வேளையில் அங்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம். மின்வெட்டினால் ஒரு நன்மை விளைந்த கதையை, 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்த எமது மக்கள் நம்புவார்களோ தெரியாது. மொத்த இழப்பு 1,000 கோடி டொலர் என அமெரிக்க வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. 2020 ஒக்டோபரில் ரஷ்ய இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றம் சுமத்தியது. ரஷ்யா அதனை மறுத்து வருகிறது.

இனி ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்புவோம். வனாக்ரை, நொட்பெட்யா ஆகிய இரண்டும் பயன்படுத்திய ஓட்டையைக் கண்டுபிடித்து அதற்கான கருவியைச் செய்தது அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவரகம் ஆகும். அதனை அவர்கள் மைக்ரோசொப்டுக்கு உடனே அறிவிக்கவில்லை. பிற நாடுகளின் கணனிகளுக்குள் நுழைவதற்கான கள்ளத் திறப்பாக ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தனர். அத்திறப்பே களவு போயிற்று. தம்மை 'ஷடோ புரோக்கர்ஸ்' என அழைத்துக்கொண்ட குழுவொன்று 2017 ஏப்ரல் 14ஆம் திகதி அதனைப் பகிரங்கமாக வெளியிட்டது. சரியாக நான்கு வாரங்களில் இங்கிலாந்தின் நோயாளர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். வனாக்ரையை ஏவியது வடகொரியா என்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் கூறின; வடகொரியா அதை மறுத்தது. ஏவியவர் எவராயினும், வெடிமருந்து யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இராணுவத்திடமிருந்து ஏவுகணைகள் திருடப்பட்டதற்கு ஒப்பான செயல் இது என்று மைக்ரோசொப்டின் பிரட் ஸ்மித் அப்போது முறையிட்டார். தனது மென்பொருளில் ஓட்டையை விட்டவரே முறையிடுகிறார் என்பதும் உண்மை. ஆயினும் அவர் கூறியதில் நியாயம் இருக்கவே செய்தது.

அதன் பின்னர், எந்த ஓட்டையை வெளிப்படுத்துவது, எதனை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் தனது நடைமுறையை அமெரிக்கா 2017 நவம்பரில் பகிரங்கப்படுத்தியது. வைத்துக்கொள்ளும் உரிமையை அது கைவிடவில்லை. சீனாவோ 2021 செப்டெம்பரிலிருந்து, ஓட்டை பற்றி அறியும் மென்பொருள் நிறுவனங்கள் இரு நாட்களுக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என விதித்துள்ளது. அரசு அதனை வைத்து என்ன செய்யும் என்று கேட்பதற்கு அங்கு எவரும் இல்லை. வல்லரசுகள் சேர்த்து வைக்கும் ஒவ்வோர் ஓட்டையும் அவற்றின் பகைவரின் கணனியில் மாத்திரம் இருப்பதல்ல. அதே மென்பொருள்தான் காத்தான்குடியின் கடையிலும் வவுனியாவின் வங்கிக் கிளையிலும் இயங்குகிறது. எம்மைக் கேளாமலேயே எமது கதவின் திறப்புகள் வேறெவரோ ஒருவரின் இலாச்சிக்குள் கிடக்கின்றன என்பதே இதன் பொருள்.

அதற்காக, திருத்தத்தைச் செய்யாமல் விட்டவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விட்டுவிடவும் முடியாது. பிரித்தானிய சுகாதார சேவைக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. எமது நாட்டின் நிலைமையும் வேறல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அது புழுவென அறிவிக்கப்படவில்லை; ஆனால் வாயில் திறந்திருந்த விதம் ஒன்றே. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு இழக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டுப் பதிப்பான மென்பொருளே அங்கு இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்து திட்டமிட்டிருந்த போதிலும், நிதிப் பற்றாக்குறையும் வேறு சில நிர்வாகத் தீர்மானங்களும் தடையாயின என அப்போது விளக்கமளிக்கப்பட்டது.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசத் திருத்தங்களும் முடிவடைந்துள்ளன. எமது பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் உள்ள பழைய கணனிகளில் கணிசமானவை புதிய பதிப்பை ஏற்கும் வலுவற்றவை. களவுப் பிரதிகளைப் பயன்படுத்துவோரில் பலர், பிடிபட்டுவிடும் அச்சத்தினால் புதுப்பிப்பையே நிறுத்தி வைத்திருப்பதை நாம் அறிவோம். எந்தத் திணைக்களத்தில் எத்தனை கணனிகள் திருத்தமின்றி இயங்குகின்றன, அவற்றுள் நோயாளர்களினதும் ஓய்வூதியக்காரர்களினதும் பதிவுகளைத் தாங்கியவை எத்தனை, அவற்றின் பிரதிகள் வலையமைப்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளனவா என்ற கணக்கை உரிய அமைச்சு நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அதற்கான ஒதுக்கீட்டைக் கோருவதற்கும் அந்தக் கணக்கே முதலில் தேவைப்படும்.